50 இருக்கும்போது 40 எதற்கு?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஊர் சுற்றல் எதுவும் இல்லை, மாடியறையில் உட்கார்ந்து போனில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், கீழே அம்மா இட்லிப்பொடி அரைக்கிறார், மிக்சி சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் இதுதான்: மூன்று வாரமாக ஒரு லென்ஸ் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. கேனான் 40 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம். புதுசாகப் பார்க்கிறவர்களுக்கு: மி.மீ. எண் குறைந்தால் படத்துக்குள் அதிக அகலம் அடங்கும், எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை விடும். செகண்ட் ஹேண்டில் விற்கிற ஒருவரிடம் 7,500 ரூபாய்க்கு இருக்கிறது. வாங்கவேண்டியதுதானே, இதில் என்ன யோசனை என்பீர்கள். என்னிடம் ஏற்கெனவே 50 மி.மீ. இருக்கிறதே! இதோ, இதுதான், ஃபோகஸ் ஆகிறதா? ம், ஆகிவிட்டது. 50 எஃப் 1.8 எஸ்டிஎம். ஓரமெல்லாம் தேய்ந்து கிடக்கிறது பாருங்கள், அவ்வளவு உழைத்திருக்கிறது.

40 வந்தது 2012-இல், இந்த 50 வந்தது 2015-இல். அது 130 கிராம், இது 160 கிராம். அதன் நீளம் மொத்தமே 22.8 மி.மீ., கேமரா பாடியில் மாட்டினால் மூடியை மட்டும் மாட்டிவைத்த மாதிரி இருக்கும். பான்கேக் லென்ஸ் என்பார்கள், நம் ஊர்க் கணக்கில் ஊத்தப்பம். ஃபோகஸ் செய்ய இரண்டுக்கும் ஒரே வகை மோட்டார், எஸ்டிஎம் என்பது அதுதான், வெளிச்சம் வரும் துளையைச் சுருக்குகிற பிளேடும் இரண்டிலும் ஏழு. ஆக, பத்து மி.மீ. வித்தியாசத்துக்கும் கொஞ்சம் ஒல்லியான உடம்புக்கும் 7,500 ரூபாய். அப்புறம் இந்த 50-க்கு வாங்கிய ஃபில்டர் 49 மி.மீ., அது 40-க்குப் பொருந்தாது, அதற்கு 52 வேண்டும். அந்தச் செலவு தனி.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இரண்டையும் இணையத்தில் காட்டினேன், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதானேடா” என்றார். நான் விடவில்லை, அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்த்துவைத்திருக்கிற இரண்டு இரும்புக் கல்லையும் காட்டினேன், இதுவும் ஒண்ணுதானே, எதற்கு இரண்டு என்று. எங்கள் வீட்டில் தோசைக்கல் வேறு, சப்பாத்திக்கல் வேறு, சப்பாத்தி போட்ட கல்லில் தோசை ஊற்றினால் பிய்ந்துகொண்டுதான் வரும், அதனால் தோசைக்கல்லை வேறு எதற்கும் தொடவிடமாட்டார். மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் அசரவே இல்லை. “நான் ரெண்டையும் ஒரே நாள்ல அடுப்புல ஏத்துறேன். நீ அந்த ரெண்டையும் ஒரே பையில எடுத்துட்டுப் போவியா?”

போகமாட்டேன். அதுதான் உண்மை. 50 மாட்டியிருக்கிறபோது அதைக் கழற்றி 40 மாட்டுகிற ஒரு நேரத்தை என்னால் யோசிக்கவே முடியவில்லை. அன்றைக்கே இந்த வீடியோவை எடுத்திருந்தால், வாங்காதீர்கள் என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பேன்.

ஆனால் அந்த ஆசை எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் தெருமுனையில் ஒரு தையல்கடை. நான் சின்னக் கடைகளில் வேலை செய்கிறவர்களைத்தான் படம் எடுக்கிறேன், தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அந்த அண்ணன் மெஷினில் உட்கார்ந்திருப்பார், இடது பக்கம் காஜா எடுக்கிற பையன் தரையில், வலது பக்கம் வெட்டின துணி மூட்டை மூட்டையாய்த் தொங்கும். எனக்கு இந்த மூன்றும் ஒரே படத்தில் வேண்டும். கடை வாசற்படியில் நின்றால் அவருக்கும் எனக்கும் சுமார் ஆறு அடி. என்னுடையது ஃபுல் ஃப்ரேம் பாடி, அதாவது பழைய ஃபிலிம் அளவுக்கு சென்சார் உள்ள கேமரா, கேனான் 6டி. சென்சார் 36 மி.மீ. அகலம். ஆறு அடி தூரத்தில் 50 வைத்தால் படத்துக்குள் நாலேகால் அடி அகலம்தான் அடங்கும். 40 வைத்தால் கிட்டத்தட்ட ஐந்தரை அடி. ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே. அந்த ஒரு அடியில்தான் காஜாப் பையன் உட்கார்ந்திருக்கிறான்.

பின்னால் போய் எடுக்கலாமே என்று கமென்ட் வரும், தெரியும். 50-இல் அதே அகலம் வேண்டுமானால் ஏழரை அடிக்குப் போகவேண்டும், ஒன்றரை அடி பின்னால். வாசற்படிக்கு வெளியே சாக்கடை, சாக்கடைக்கு மேல் ஆடுகிற ஒரு கல் பலகை, அதற்கு அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ. ஒருமுறை அந்தப் பலகையில் நின்று வியூஃபைண்டரில் கண்ணை வைத்திருந்தபோது பின்னால் அடித்த ஹாரனில் நேராகத் துணி மூட்டைக்குள் போய் விழுந்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, “தம்பி, அளவெடுக்க வந்தீங்களா?” என்றார்.

இன்னொரு கேள்வியும் வரும்: 50-இல் 1.8 இருக்கிறது, அதை விட்டுவிட்டு 2.8-க்குப் போவதா? நியாயம்தான். வெளிச்சம் குறைந்தால் ஏற்றவேண்டிய எண் ஐஎஸ்ஓ, ஏற ஏறப் படம் புள்ளி புள்ளியாகும். 1.8-இல் 1600-இல் முடிகிற வேலைக்கு 2.8-இல் 4000 பக்கம் போகவேண்டும். ஆனால் அந்தக் கடையில் நான் 1.8 வைப்பதே இல்லை. ஆறு அடியில் 50-ஐ முழுசாகத் திறந்தால் தெளிவாக விழுகிற ஆழம் 14 செ.மீ. அளவுதான், ஒரு சாண் கூட இல்லை. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளுகிற விரல் மங்கிப்போகும். தையல்காரரைப் படம் எடுத்துவிட்டு விரல் தெரியவில்லை என்றால் அது என்ன படம்? 40-இல் 2.8 வைத்தால் அதே தூரத்தில் ஆழம் ஒன்றரை சாண் வரும், முகமும் கையும் ஓரளவு உள்ளே வந்துவிடும். 1.8 எனக்கு வேறு இடத்தில் தேவைப்படுகிறது, அக்கா மகள் விளக்கு வெளிச்சத்தில் படிக்கிறபோது, கரன்ட் போன இரவில். அதனால் 50-ஐ விற்கமாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

40-தான் கண்ணுக்கு இயல்பான லென்ஸ் என்று ஒரு கட்சி உண்டு. 24-க்கு 36 மி.மீ. சென்சாரின் மூலைக்கு மூலை நீளம் 43.3 மி.மீ., 50-ஐவிட 40 அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, அதுதான் வாதம். பென்டாக்ஸ் கேமராக் கம்பெனிக்காரர்கள் 43 மி.மீ. என்றே ஒரு லென்ஸ் போட்டார்கள், 1997-இல். கணக்கு சரி, ஆனால் கணக்குக்காக யாரும் லென்ஸ் வாங்கவேண்டாம். கேனானில் கிராப் சென்சார், அதாவது இதைவிடச் சின்ன சென்சார் உள்ள கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு ஒரே வரி: உங்களுக்கு 40 என்பது 64 மாதிரி, சின்னக் கடைக்கு அது உதவாது, அதே ஊத்தப்பம் வடிவில் 24 எஃப் 2.8 இருக்கிறது, அது 38 மாதிரி வரும், அதைப் பாருங்கள்.

சரி, போன வாரம் செய்ததைச் சொல்கிறேன். என்னிடம் 24-105 எஃப் 4 ஜூம் இருக்கிறது. இதோ. இதன் ஜூம் வளையத்தை 35-க்கும் 50-க்கும் நடுவில் வைத்து, ஒரு படம் எடுத்து, விவரத்தில் 40 என்று காட்டுகிறவரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டேன். டேப் தெரிகிறதா? ஒரு வாரம் அந்த 40 மட்டும்தான். இரண்டாம் நாளே கை திருப்புவதை மறந்துவிட்டது. கடையும் அடங்கியது, பையனும் அடங்கினான், நான் வாசற்படியிலேயே நின்றேன்.

அப்போதுதான் உறைத்தது. 40 மி.மீ. என் கையில் ஏற்கெனவே இருக்கிறது! 50-ஐயும் 40-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன், 40 போட்டி போடவேண்டியது இந்த ஜூமோடு. இந்த ஜூமின் எஃப் 4-ஓடு ஒப்பிட்டால் 2.8-இல் கிடைக்கிற ஆதாயம் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், அவ்வளவுதான். இதில் நடுக்கத்தைத் தடுக்கிற ஐஎஸ் வேறு இருக்கிறது, அதில் கிடையாது. அப்படியானால் தேவையில்லை என்றுதானே முடியவேண்டும்?

முடியவில்லை. இந்த ஜூம் 670 கிராம், முன்கண்ணாடி 77 மி.மீ. ஃபில்டர் கேட்கிற அளவு. இதைத் தூக்கினாலே அண்ணன் காலை மெஷின் மிதியிலிருந்து எடுத்துவிடுகிறார், சட்டைப் பையிலிருந்து சீப்பு வருகிறது, காலர் சரியாகிறது, பையனைப் பார்த்து “நிமிந்து உக்காருடா” என்கிறார். கல்யாண வீட்டு போட்டோக்காரன் வந்துவிட்டான் என்று அர்த்தம். 50 மாட்டிப் போகிறபோது இந்தத் தொல்லை பாதிதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரிடம் இருக்கிற 40-ஐ இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார், “லென்ஸ் எங்க தம்பி, வீட்டிலேயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் பேன்ட் அடிப்பக்கம் மடிக்கப் போய்விட்டார். சீப்பு வரவே இல்லை. கால் மணி நேரம் எடுத்தேன். அதில் ஒரு படம், அவர் பல்லில் நூலைக் கடிக்கிறார், பையன் அவரையே அண்ணாந்து பார்க்கிறான், ஓரத்தில் துணி மூட்டை. அந்தப் படத்துக்கு 7,500 கொடுக்கலாம்.

அம்மாவிடம் மறுபடி போய், ஆமாம், இரண்டையும் ஒரே பையில் எடுத்துப்போகமாட்டேன், ஆனால் அந்தப் பெரிய லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன் என்றேன். “அப்ப பெரிசை வித்துடு” என்றார். அதற்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன், கல்யாண ஆர்டர் வந்தால் அது வேண்டும்.

ஆக வாங்குவது என்று முடிவு செய்து நேற்று போய்ப் பார்த்தேன். வெளியே புதுசு மாதிரி இருந்தது. போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால், உள்ளே ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிசாகக் கிளை கிளையாய். ஃபங்கஸ். மழைக்காலத்தில் பைக்குள்ளேயே பூட்டிவைத்திருப்பார்கள் போலிருக்கிறது. விற்கிறவர் அது தூசி என்றார், துடைத்தால் போய்விடும் என்றார். தூசி கிளை விடாது. வேண்டாமென்று வந்துவிட்டேன். உங்களில் யாராவது பழைய லென்ஸ் வாங்கப்போனால் டார்ச் அடிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வேறு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், கண்ணாடி சுத்தமாக இருந்தால் 8,000 வரை போவேன், அதற்கு மேல் இல்லை. கிடைக்கிறவரை ஜூமில் இந்த டேப் இப்படியே இருக்கட்டும். மிக்சி நின்றுவிட்டது, நானும் நிறுத்திக்கொள்கிறேன்.