வரைவு எழுதியவர்

நேயர்களுக்கு வணக்கம். நம் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் காலையில் சொல்லும் உறுதிமொழிக்கு வரைவு எழுதிய எஸ். ராஜரத்தினம் பிறந்த ஊர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. அந்தத் தொகுதிக்கு 1983இல் சில மாதங்கள் இலங்கை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் நீலன் திருச்செல்வம். சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயில் பக்கம் வளர்ந்த நான் நீலன் பெயரைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் மாமாக்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

நீலனின் தந்தை மு. திருச்செல்வம் டட்லி சேனநாயக்க அரசில் உள்ளூராட்சி அமைச்சர். திருகோணமலைக் கோணேசர் கோயில் சுற்றுப்புறத்தைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமர் கலைத்தார். அதனால் திருச்செல்வம் 1968இல் பதவியைத் துறந்தார்.

மகனும் சட்டம்தான் படித்தார். ஹார்வர்டு வரை போனார். 1983 கலவரத்துக்குப் பிறகு, பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னது அரசு. நீலனின் கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் மறுத்தார்கள். பதவி போனது, நீலனுக்கும்தான். பின்னாளில் அவரைத் துரோகி என்றவர்களுக்கு இது நினைவில் இருந்ததா?

1994இல், தொகுதியில் நிற்காமல் கட்சி நியமிக்கும் தேசியப் பட்டியல் வழியாக நாடாளுமன்றத்துக்குத் திரும்பினார். அதிபர் சந்திரிகா அரசின் அதிகாரப் பகிர்வு யோசனைகளில் அமைச்சர் ஜி. எல். பீரிசுடன் சேர்ந்து உழைத்தார். 1995 ஆகஸ்ட் 3ஆம் தேதி வெளியான அந்த வரைவில் ‘ஒற்றையாட்சி’ இல்லை, ‘பிராந்தியங்களின் ஒன்றியம்’ இருந்தது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது பார்வைக்கு எழுத்தர் வேலை. ஆனால் சிங்களக் கடும்போக்காளர்கள் அதை நாட்டை விற்பது என்றார்கள். தனி ஈழம் தவிர வேறெதையும் ஏற்காதவர்கள் இனத்தை விற்பது என்றார்கள்.

1999 ஜூன் மாதம் நாடாளுமன்றத்தில் பேசியபோது, சாவைப் போற்றக் கூடாது, வாழ்வைக் கொண்டாட வேண்டும் என்ற பொருளில் சொன்னார். ஆறு வாரம் கழித்து, ஜூலை 29 வியாழக்கிழமை காலை, கொழும்பில் அலுவலகத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தபோது தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் அவரைக் கொன்றார். வயது 55. விடுதலைப் புலிகள் உரிமை கோரவில்லை. ஆனாலும் அவர்கள் செய்ததுதான் என்பதில் பெரும்பாலோருக்கு ஐயம் இருக்கவில்லை. மாமாக்களுக்கும்தான், குரல் தாழ்ந்ததன் காரணம் அதுவே.

வரைவு, பல இடங்களில் நீர்த்துப்போய், 2000 ஆகஸ்ட் 3ஆம் தேதி புதிய அரசியலமைப்புக்கான மசோதாவாக நாடாளுமன்றத்துக்கு வந்தது. எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளை அவைக்குள்ளேயே கொளுத்தினார்கள். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.