கல்லில் எண் இருக்கிறது, பெயர் எங்கே?

(வேலூர் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் அணைக்கட்டு ஊரிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். சுபேதார் ஐயா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். முறைப்படி நான்தான் அவருக்குப் போர்த்தியிருக்க வேண்டும். இதோ, அதை அவர் தோளுக்கே மாற்றிவிட்டேன். (கைதட்டல்)

முதல் உலகப் போரில் இந்தியா. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். போருக்குள் எப்படி இழுக்கப்பட்டோம், விலைவாசி மக்களை என்ன பாடு படுத்தியது, போர் முடிந்ததும் நமக்குக் கிடைத்தது என்ன.

"ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ" என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1914 ஆகஸ்டில் லண்டன் போர் அறிவித்தது. இங்கே யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வைஸ்ராய் ஹார்டிங் இந்தியாவையும் சேர்த்துவிட்டார். 10 லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்தார்கள். 70,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. போதாததற்குப் பிரிட்டனின் போர்ச் செலவுக்கு இந்தியாவின் பெயரில் 10 கோடி பவுண்டு அன்பளிப்பு வேறு!

நம் வாசலுக்கும் போர் வந்தது. செப்டம்பர் 22, இரவு. ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைக் கடலில் நின்று குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பாட்டியின் அப்பா அப்போது கொத்தவால்சாவடியில் கூலி. தலையில் கத்தரிக்காய்க் கூடை. சத்தம் கேட்டதும் ஓட ஆரம்பித்தவர், வேலூர் வந்துதான் நின்றாராம். கூடை தலையிலேயே இருந்ததாம்! யார் கூடை என்று அவருக்கே தெரியாது. அந்தக் கத்தரிக்காயில் தெருவுக்கே குழம்பு வைத்ததாகப் பாட்டி சொல்வார். "நாலு நாள் நடையில் கத்தரிக்காய் அழுகியிருக்காதா பாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன். அன்று எனக்குக் குழம்பு கிடைக்கவில்லை. (சிரிப்பு) ஜெர்மனியிலிருந்து நம் விடுதலைக்குப் பாடுபட்ட செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அதற்குச் சான்று இல்லை. நான் சொல்ல மாட்டேன். நவம்பரில் கோகோஸ் தீவருகே எம்டன் ஒழிந்தது. ஆனால் இன்றும் ஏமாற்ற முடியாத ஆளை "சரியான எம்டன்" என்கிறோமே!

சரி, ஆற்றுக்கு வருவோம். நடு ஆற்றில், 1917-ல், இந்தியர்களுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்றார் லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு. 1918-ல் காந்தியே குஜராத்தின் கேடா கிராமங்களில் படைக்கு ஆள் திரட்டினார். அந்த நவம்பரில் போர் முடிந்தது, கரை ஏறியாயிற்று. 1919 மார்ச்சில் என்ன வந்தது? ரௌலட் சட்டம்! விசாரணையில்லாமலே சிறை. அதற்கு எதிரான ஹர்த்தால், அதாவது கடையடைப்பு, யோசனை காந்திக்குச் சென்னையில் தங்கியிருந்தபோதுதான் கனவில் தோன்றியது. ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக். அரசுக் கணக்கிலேயே 379 பிணங்கள். நீ யாரோ, நான் யாரோ!

விலைவாசி பற்றிச் சொல்கிறேன் என்றேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். விட்டுவிடுகிறேன். கடிகாரம் என்றதும் நம் மணிக்கூண்டு ஞாபகம் வருகிறது. நான் வந்ததே அதற்காகத்தான்.

அதில் ஆங்கிலத்தில் ஒரு கல். இந்த வேலூரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. யார் அந்த 14 பேர்? எந்தத் தெரு, யார் மகன்? எண்ணோடு நின்றுவிட்டது கல்.

இது வேலூர்க் குறை மட்டுமல்ல. இராக்கில் இருக்கும் பாஸ்ரா போர் நினைவிடத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும்தான். செத்தவனிடத்திலும் நீ யாரோ, நான் யாரோ! காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டை 2021-ல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவர்கள் கேட்க நூறு வருஷம் ஆனது. அந்த 14 பெயரைத் தேட நாம் இன்னும் ஒரு தாள்கூட எடுக்கவில்லை.

ஆகவே ஒரே கோரிக்கை. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பெயர்ப் பலகை வேண்டும். மனு தயார்; 212 கையெழுத்து ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பதக்கம், பென்ஷன் காகிதம், சுவரில் சட்டம் போட்ட படம் எது இருந்தாலும் சொல்லுங்கள். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், அதை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். (சிரிப்பு) முதல் பெயரைச் சுபேதார் ஐயா எழுதித் தொடங்கி வைப்பார்.