சில்லறை சொத்தாகுமா?

நடுவர் அவர்களே, வணக்கம். இன்றைய நாணயங்களை எடுத்து வைத்தால் நாளைக்கு அவை சொத்தாகும் என்று எதிரணி நண்பர் பேசி அமர்ந்திருக்கிறார். வைஷ்ணோ தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, சபையில் பாதிப் பேரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனதை மேடையிலிருந்து பார்த்தேன். சரி, இருந்தால் எடுத்து வையுங்கள். ஆனால் அந்த லட்சத்தைத் தருகிறேன் என்பவர் முதலில் உங்களிடம்தான் கேட்பார்: கமிஷன், வரி, கட்டணம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த வசூல் நடந்ததால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே 'எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று.

நண்பர் சொன்ன இன்னொரு உதாரணம் வலுவானது. ஒப்புக்கொள்கிறேன். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்காக 2009-ல் வந்த 50 பென்ஸ் காசு, அதாவது அரைப் பவுண்டு. அடித்தது 2,10,000 மட்டுமே. இன்று நூறு பவுண்டைத் தாண்டிப் போகிறது. ஆனால் நடந்ததை முழுசாகச் சொல்ல வேண்டாமா? 2014-ல் அந்த எண்ணிக்கை ஊரெல்லாம் பரவும்வரை மக்கள் அதைக் கடையில் கொடுத்துப் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அரிய காசு என்று தெரிந்தபோது அது யார் கையில் இருந்ததோ அவருக்கு யோகம். 2009-லேயே கணித்து எடுத்து வைத்தவர் எத்தனை பேர்? அப்புறம், அதே வடிவத்தை 2019-ல் சேகரிப்பவர்களுக்காக மறுபடியும் அடித்தார்கள். 2023-ஆம் ஆண்டின் சால்மன் மீன் போட்ட 50 பென்ஸ் காசு 2,00,000 மட்டுமே என்று தெரிந்ததும் 'புழக்கத்தில் இருப்பதிலேயே அரிது' என்ற பட்டமும் கியூவிடமிருந்து போய்விட்டது.

எல்லோரும் தெரிந்தே சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1950-ல் டென்வர் நாணயச் சாலை 5 சென்ட் காசை 26 லட்சம் சொச்சம்தான் அடித்தது. அந்தக் காசுக்கு அது மிகக் குறைவு. செய்தி உடனே பரவிவிட்டது. ஆளாளுக்குத் தாளில் சுற்றிய காசை ரோல் ரோலாக வாங்கி உள்ளே வைத்தார்கள். விலை ஏறியது, 1964 வாக்கில் உச்சிக்குப் போனது, அப்புறம் சரிந்தது. அந்த உச்சத்துக்கு அது திரும்பவே இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணம்: ஒன்றுகூடத் தேயவில்லை, தொலையவில்லை. அடித்த காசெல்லாம் பளபளப்பாகப் பெட்டிக்குள் இருக்கும்போது அரிது என்று யாரிடம் சொல்வது? பழைய காசு விலை போவதே மற்றவர்கள் அதைச் செலவழித்தும் உருக்கியும் தொலைத்தும் விட்டதால்தானே! 1999 முதல் 2008 வரை மாநிலத்துக்கு ஒன்றாக 50 வகைக் கால் டாலர் வந்தது. வீட்டுக்கு வீடு அட்டை ஆல்பம் வாங்கிச் செருகினார்கள். அந்த ஆல்பத்தைப் பிரித்தால் பெரும்பாலும் கிடைப்பது 50 கால் டாலர், அதாவது பன்னிரண்டரை டாலர்.

'தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1,000 ரூபாய் நாணயம்?' என்று நண்பர் கேட்பார். அதில் 35 கிராம் எடை, ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி. வெள்ளி ஏறினால் அதுவும் ஏறும். அதற்கு வெள்ளிக் குத்துவிளக்கு போதுமே, விளக்காவது எரியும்.

என் கதைக்கு வருகிறேன். 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு நாணயம் வந்தது. அந்தக் கனமான ஐந்து ரூபாய் ஒன்றைப் பல வருடம் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்திருந்தேன். பிள்ளைகள் தொட்டால் அடி விழும். போன வருடம் பழைய நாணயம் விற்கும் கடை ஒன்றுக்கு அதை எடுத்துப் போனேன். கடைக்காரர் பஞ்சைப் பிரித்தார். பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையைத் தூக்கி என் முன்னால் கவிழ்த்தார். கலகலவென்று ஐம்பது அறுபது வள்ளுவர்! "எல்லாரும் இதைத்தான் சார் கொண்டு வர்றாங்க. வேணும்னா சொல்லுங்க, உங்களுக்கு நான் தர்றேன்" என்றார்.

வெளியே வந்து டீ குடித்தேன். வந்த ஆத்திரத்தில் மற்றச் சில்லறையோடு வள்ளுவரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். டீக்கடைக்காரர் மற்றதைக் கல்லாவில் போட்டார். வள்ளுவரை மட்டும் ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.