ஏழெட்டு எவ்வளவு?

நடுவர் அய்யாவுக்கும், சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாத சபைக்கும் வணக்கம்.

திருவல்லிக்கேணி பெரிய தெரு இந்து மேல்நிலைப் பள்ளிக்குப் பேர் வாங்கித் தந்தது படிச்சவங்களா, பாடம் நடத்தினவங்களா? நான் வாத்தியார் கட்சி.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒண்ணு, தெலுங்குப் பிள்ளைகளுக்கு ஒண்ணுன்னு இருந்த பாடசாலைங்க சேர்ந்து வளர்ந்த பள்ளிக்கூடம் அது. 1897-ல எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தை வடிவமைச்சவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனையும் அவர் கைவரிசைதான். அந்த 1890-கள்ல தலைமை ஆசிரியர் யாரு? வலங்கைமான்ல ஏழைப் புரோகிதர் வீட்டுல பொறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. பின்னாடி வெள்ளைக்காரனே வாய் பிளந்து கேட்ட இங்கிலீஷ் அவரோடது. தென்னாப்பிரிக்கா டர்பன்ல இந்தியப் பிள்ளைங்க படிக்க வந்த சாஸ்திரி கல்லூரிக்கு அவர் பேர்தான்.

இப்ப எதிரணி அண்ணன்கிட்ட வர்றேன். “இங்க படிச்ச எஸ். சந்திரசேகருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. பாடம் நடத்தின எந்த வாத்தியாருக்காவது குடுத்தாங்களா?”ன்னு கேட்டாரு. நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க. நானும் தட்டினேன். திரும்பிப் போறப்ப அவர் கார்லதான் போகணும்.

அண்ணே, 1922-லேர்ந்து 25 வரைக்கும் பெரிய தெருவுல படிச்ச அந்தச் சந்திரசேகர், பெரியவரானதும் என்ன வேலை பார்த்தாரு? வாத்தியார் வேலை! சிகாகோ பல்கலைக்கழகத்துல. ஒரு வகுப்புல மொத்தமே ரெண்டு பேரு. சீனாவுலேர்ந்து வந்த லீ, யாங். அந்த ரெண்டு பேருக்காக, தான் ஆராய்ச்சி பண்ணின வானாய்வகத்துலேர்ந்து அவ்வளவு தூரம் காரை ஓட்டிட்டுப் போவாரு. இங்க ரெண்டே பேர்னா டியூஷனையே மூடிடுவோம். 1957-ல ரெண்டு பேருக்கும் நோபல். மொத்த கிளாஸும் பாஸ்! வாத்தியாருக்கு எப்ப? 1983-ல. பசங்க வாங்கி 26 வருஷம் கழிச்சு! வாத்தியாருக்கு எல்லாமே லேட்டாதான் வரும் அண்ணே. சம்பளம் உள்பட.

மணி அடிக்காதீங்க அய்யா, ஒரே ஒரு கதை.

திருவல்லிக்கேணியில சாம்பார் வாளியோட சுத்துற ஓட்டல் எதுன்னு உங்களுக்கே தெரியும். நானும் என் நண்பனும் இட்லி சாப்பிடறோம். அவன் பேங்க் மேனேஜர், தலை முழுக்க நரை. உள்ள வர்றாரு எங்க ஏழாங்கிளாஸ் கணக்கு சார். இவன் சாம்பார் சொட்டச் சொட்ட எழுந்து நிக்கிறான். சார் மேலயும் கீழயும் பார்த்தாரு. “ஏழெட்டு?”ன்னாரு. இவன் பதறிப்போய், “இல்ல சார், நாலு இட்லிதான் சார்!”

பின்வரிசைக்குக் கேட்கலையாம், மறுபடி சொல்றேன். சார் கேட்டது வாய்ப்பாடு. இவன் சொன்னது இட்லிக் கணக்கு. கோடிக்கணக்குல லோன் போடறவன், நாலு இட்லிக்குக் கை கட்டி நிக்கிறான். முதுகுக்குப் பின்னாடியிருந்து ஒரு குரல்: “அம்பத்தாறு சார்!” திரும்பிப் பார்த்தா, சாம்பார் வாளியோட சர்வர்! அவரும் சார்கிட்ட படிச்சவர்தான், எங்களுக்கு மூணு செட் சீனியர். சார் சொன்னாரு: “நீ உட்காரு. அவன் நிக்கட்டும்.”

அன்னைக்கு அந்த மேனேஜர் நின்னுக்கிட்டேதான் காபி குடிச்சான்.

போன மாசம் அந்த சாரைப் பார்க்கப் போனேன். ஞாபகம் போயிடுச்சு. பெத்த பிள்ளை பேரே தெரியலையாம். “உங்களையும் தெரியாது, மனசுல வெச்சுக்காதீங்க”ன்னு அவர் மருமக சொன்னாங்க. ஈஸி சேர்ல உட்கார்ந்து சுவத்தையே பார்த்துட்டிருந்தாரு. நான் பேரு சொன்னேன், ஊரு சொன்னேன், இட்லிக் கதை சொன்னேன். ஒண்ணும் இல்ல.

கிளம்பி வாசல் வரைக்கும் வந்துட்டேன். என்ன தோணுச்சோ, அங்கேயே நின்னு, கையைக் கட்டிக்கிட்டு, “மே ஐ கம் இன் சார்?”னு கேட்டேன்.

மெதுவா தலையைத் திருப்பினாரு.

“இன்னைக்கும் லேட்டா?”ன்னாரு.