மூன்று குழல், ஒரு அலுமினியப் பெட்டி: லுஃப்ட்வாஃபேயின் சாவர் எம்30

வணக்கம் நண்பர்களே. நேரடியாக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். திரையில் தெரிகிற இந்தத் துப்பாக்கியை நன்றாகப் பாருங்கள். மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல், அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று. வால்நட் மரக்கட்டை, கன்னத்தை வைத்துக்கொள்ள அதில் ஒரு சிறு மேடு. பணக்கார ஜமீன்தார் ஒருவர் வேட்டைக்கு எடுத்துப்போகச் செய்தது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் இது போர் நடுவில், ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேக்காகச் செய்யப்பட்டது. விமானம் பழுதாகி எங்கோ ஆளில்லாத இடத்தில் இறங்க நேர்ந்தால், அதிலிருப்பவர்கள் உயிர் பிழைக்க உதவும் என்று கொடுத்தார்கள்.

பெயர் எம்30. செய்தவர்கள் ஜே. பி. சாவர் உண்ட் சோன். 1751 முதல் ஸூல் என்ற ஊரில் துப்பாக்கி செய்துவந்த நிறுவனம். துரிங்கியா மலைப்பகுதியில் இருக்கும் ஸூல், தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கிக் கொல்லர்களின் ஊர். 1941, 1942 இரண்டு வருடங்களில் மொத்தம் ஏறக்குறைய 2,450 துப்பாக்கிதான் விமானப்படைக்குப் போயின. லட்சக்கணக்கில் ஆயுதம் செய்துகொண்டிருந்த நாட்டில் இது மிகச் சின்ன எண்ணிக்கை.

சரி, மூன்று குழல் எதற்கு? ஜெர்மன் காடுகளில் வேட்டைக்குப் போகிறவருக்கு அடுத்த நிமிடம் முன்னால் முயல் வருமா, பறவை எழும்புமா, காட்டுப்பன்றி பாயுமா என்று தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே துப்பாக்கி. மேலே இருப்பவை இரண்டும் நம் ஊரிலும் சொல்கிற 12 போர் (bore, குழல் துளையின் அளவு). சிறு குண்டுகள் சிதறும் தோட்டாவும் போடலாம், ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் போடலாம். கீழே இருப்பது ரைஃபிள் குழல், 9.3×74ஆர் தோட்டாவுக்கானது. சாதாரணத் தோட்டா இல்லை அது. பெரிய விலங்கை வீழ்த்தும் வலு உள்ளது, இன்றைக்கும் ஐரோப்பாவில் தயாரிக்கிறார்கள்.

இயக்கும் முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. விரலால் இழுக்கும் விசை இரண்டு, குழல் மூன்று. பிடியின் மேல்பக்கத்தில் ஒரு சிறு தள்ளுகட்டை இருக்கும். அதை முன்னால் தள்ளினால் முன்விசை ரைஃபிள் குழலுக்கு மாறிவிடும். அதே தள்ளலில், படுத்திருந்த குறிபார்க்கும் தகடும் நிமிர்ந்து எழும். கட்டைவிரலின் ஒரே அசைவில் இரண்டு வேலை. மேசைமுன் உட்கார்ந்து அரத்தால் ராவி ராவிப் பொருத்தியவர்களின் கைவேலை இது. போர்க்காலத்தில் இப்படி ஒரு பொருளைச் செய்ய ஆளும் நேரமும் ஒதுக்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அனுப்பியது பெரும்பாலும் வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கு. பெரிய விலங்குக்கான குழல் ஆப்பிரிக்கா என்பதால்தான் என்று பலர் சொல்வார்கள். ஆனால் லிபியப் பாலைவனத்தில் சிங்கம் கிடையாது. அட்லஸ் மலையில் மிஞ்சியிருந்த பார்பரி சிங்கங்கூட அந்தக் காலத்தில் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு விமானியைக் கொல்வது தாகம்.

இதற்கு ஒரு உதாரணம், எதிர்த் தரப்பிலிருந்து. 1943 ஏப்ரல் 4ஆம் தேதி, 'லேடி பீ குட்' என்ற அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானம் நேப்பிள்ஸ் தாக்குதலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, லிபியாவில் இருந்த தன் தளத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போய்விட்டது. ஒன்பது பேர் பாராசூட்டில் குதித்தார்கள். எட்டுப் பேர் ஒன்றுசேர்ந்து வடக்கு நோக்கி நடந்தார்கள். அவர்களிடம் இருந்தது அரைக் குடுவைத் தண்ணீர். துணை விமானியின் நாட்குறிப்பு ஏப்ரல் 12 வரை போகிறது. ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த எட்டுப் பேரிடம் எம்30 இருந்திருந்தாலும் என்ன சுட்டிருப்பார்கள்?

அப்புறம், இதை வைத்துக் கொடுத்த அலுமினியப் பெட்டியின் அளவைப் பாருங்கள். குழல் மட்டுமே 65 சென்டிமீட்டர். கழற்றி வைத்தாலும் பெட்டி பெரியது, கனமானது. பாராசூட்டில் குதிப்பவர் அதைத் தூக்கிக்கொண்டு குதிக்க முடியாது. விமானத்தைத் தரையில் இறக்க முடிந்தால்தான் உபயோகம். போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் செய்த எம்6-ஐ இதோடு ஒப்பிடுங்கள். தகட்டை அழுத்திச் செய்த எளிய துப்பாக்கி, இரண்டாக மடியும், தோட்டாக்கள் கட்டைக்குள்ளேயே இருக்கும், விரல்விசைக்குப் பதிலாக உள்ளங்கையால் அழுத்துகிற நெம்புகோல், அதனால் தடித்த கையுறையோடும் சுடலாம். எம்6-ஐ யோசித்தவர், குளிரில் நடுங்கும் விமானியை மனதில் வைத்து யோசித்தார். எம்30-ஐத் தேர்ந்தெடுத்தவர் வேட்டைக்காரரை மனதில் வைத்திருந்தார். லுஃப்ட்வாஃபேயின் தலைவர் ஹெர்மன் கோரிங்தான் அந்த நாட்டு வேட்டைத் துறைக்கும் தலைவர், தானே பெரிய வேட்டைக்காரர். அப்படிப்பட்ட படையில் இந்தத் தேர்வு எனக்கு விசித்திரமாகப் படவில்லை. ஒரு அரசு தன் ஆட்களின் உண்மையான தேவையைப் பார்க்காமல், மேலே இருந்தவர்களின் ரசனைக்குச் செலவழித்தது. அதற்கு மரத்திலும் இரும்பிலும் கிடைக்கிற சாட்சிதான் இது. என்னைப் பொறுத்தவரை இதன் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

அதனால்தான் சேகரிப்பாளர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: பெட்டியைப் பிரிக்காதீர்கள். துப்பாக்கி, வார், சுத்தம் செய்யும் சாமான்கள், தோட்டாக்கள், எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால்தான் இது விமானிக்குக் கொடுத்த பொருள். தனித்தனியாக விற்றால் அதிகப் பணம் கிடைக்கும் என்று சிலர் பிரிக்கிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவே இல்லை. முழுத் தொகுதி அமெரிக்க ஏலங்களில் பத்தாயிரம் டாலரைத் தாண்டிப் போகும். பெட்டி இல்லாமல் துப்பாக்கி மட்டும் என்றால் விலை வெகுவாக இறங்கிவிடும்.

இவற்றில் பல, போர் முடிந்தபோது அமெரிக்கச் சிப்பாய்கள் வீட்டுக்கு எடுத்துப்போனவை. ஸூல் ஊரையே 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை பிடித்தது, ஜூலையில் சோவியத்திடம் ஒப்படைத்தது. சாவர் நிறுவனம் பிறகு மேற்கு ஜெர்மனியில் எக்கர்ன்ஃபோர்டே என்ற ஊரில் மறுபடி தொடங்கியது. கொண்டுபோன சிப்பாய்க்கு மேலதிகாரி எழுதிக்கொடுத்த அனுமதிச்சீட்டு துப்பாக்கியோடு இருந்தால், அதைப் பொக்கிஷமாக வையுங்கள். எங்கிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று அரிது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது முத்திரை. மரக்கட்டையிலும் குழலிலும் கழுகு, ஸ்வஸ்திகா முத்திரை இருக்கும். இதே மாதிரியைச் சாவர் சாதாரண வேட்டைக்காரர்களுக்கும் விற்றதால், அவற்றில் பொய் முத்திரை குத்தி விற்பது எளிது. குத்திய தடத்தின் ஓரம் புதிதாகப் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, அந்தக் காலத்து ஜெர்மன் 12 போர் துப்பாக்கிகளில் தோட்டா அறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா பொதுவாக 70. பிற்பாடு யாராவது அறையைக் குடைந்து நீளமாக்கியிருந்தால் அது அசல் நிலையில் இல்லை. குடையாமலே நீளத் தோட்டாவைப் போட்டுச் சுடுவது ஆபத்து, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவதற்குச் சட்டத்தில் கடும் கட்டுப்பாடு உண்டு, அதனால் அங்கத்திய ஏலப் படங்களில் முத்திரையை மறைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட படத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். முத்திரையின் தெளிவான படத்தை விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்த வீடியோவில் சோவியத் விண்வெளி வீரர்கள் கொண்டுபோன டிபி-82. அதுவும் மூன்று குழல்தான். 1965இல் வோஸ்கோட் 2 விண்கலம் பனிக்காட்டில் இறங்கிய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.