காணாது ஈத்த பரிசில்

(நாகர்கோவிலில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவருக்கும், குலசேகரம், குளச்சல் என்று ரெண்டு திசையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற நண்பர்களுக்கும் வணக்கம். இன்றைய கவிதையில் அங்கதமும் (கேலியால் குத்திக் காட்டுவது) விமர்சனமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மேடை ஏறும்போது தலைவர் காதோரமாக, "யார் பேரையும் சொல்லிராதீங்க சார்" என்றார். பேச்சில் பாதியை அவரே பேசி முடித்துவிட்டார்.

ஒரு பின்னட்டைக் குறிப்பை வாசிக்கிறேன், கேளுங்கள். "வலியின் ஆழத்திலிருந்து ஒளியைக் கடைந்தெடுக்கும் இக்கவிதைகள் தமிழ்க் கவிதைக்குப் புதியதோர் வாசலைத் திறக்கின்றன. மௌனத்தின் மொழியை இத்தனை நுட்பமாக எவரும் எழுதியதில்லை." எந்தத் தொகுப்பு என்று யோசிக்காதீர்கள். அப்படி ஒரு தொகுப்பு கிடையாது. நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு நானே எழுதினேன். முன்வரிசையில் சிலர் தலையாட்டினீர்கள், பார்த்தேன். வருஷத்துக்கு இத்தனை வாசல் திறந்தால் தமிழ்க் கவிதைக்குச் சுவர் எங்கே மிஞ்சும்?

இந்தக் குறிப்பில் என்ன இல்லை என்று பாருங்கள். கவிதை வரி ஒன்றுகூட இல்லை. எழுதினவர் கடற்கரைக் கடப்புறத்துக்காரரா ரப்பர் தோட்டத்துக்காரரா என்று தெரியாது. எதையும் சொல்லாததால்தான் எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்துகிறது. வாசிக்காமலே எழுதலாம், வாசிக்காதவர்களே அதை எடுத்து முகநூலில் போடலாம். அப்புறம் வெளியீட்டு விழா, வரிசையாக வாழ்த்துரை, பொன்னாடை, கடைசியில் கண் கலங்க ஏற்புரை. பணம் கட்டிப் புத்தகம் போட்ட கவிஞர் பாவம், ஒரு கவிதையைப் பற்றியாவது யாராவது பேசுவார்களா என்று காத்திருப்பார். பேசமாட்டார்கள். பேச வேண்டுமென்றால் வாசித்திருக்க வேண்டுமே.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருஞ்சித்திரனார் ஞாபகம் வருகிறார். புறநானூறு 208. மலையும் குன்றும் கடந்து அதியமானைப் பார்க்கப் போகிறார். அதியமான் அவரை நேரில் பார்க்காமலே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் சொல்கிறார்: "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்." என்னைப் பாராமல் கொடுத்ததை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை. என் தகுதியின் அளவை அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார். வசதியுள்ளவரின் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் குமணன் என்ற வள்ளலைப் பாடிய பாட்டுகளில் இவர் வீட்டுப் பசி இருக்கிறது. பால் வற்றிய முலையைச் சுவைத்து அழுகிற பிள்ளை இருக்கிறது. அப்படிப்பட்டவர்தான் வாசல் வரை வந்த பொருளைத் திருப்பினார். தொகுப்பைப் பிரித்தே பார்க்காதவர்கள் கொடுக்கிற விருதை நம்மில் யார் திருப்புவோம்? நான் திருப்புவேனா என்று கேட்காதீர்கள். எனக்கு யாரும் தரப்போவதில்லை. அதனால் என் நேர்மையைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

அங்கதத்துக்கு வருகிறேன். அதற்கு நாம் வெளியூரில் தேட வேண்டாம். சுசீந்திரம் பக்கம் தேரூரில் 1876-இல் பிறந்தார் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பள்ளிக்கூடப் பாடத்தில் நமக்குக் கிடைத்தவர் பசுவும் கன்றும் பாடிய சாந்தமான தாத்தா. அந்தத் தாத்தாதான் 1917, 18 வாக்கில் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அன்று சொத்து மகனுக்குப் போகாது. சகோதரி மகனுக்குப் போகும். குடும்பத் தலைவரான காரணவர் கண்ணை மூடினால் பெண்டாட்டி பிள்ளைகள் உகந்துடைமை என்று ஏதோ கிடைத்த சிறு பங்கோடு வெளியே நிற்க வேண்டியதுதான். கவிமணி அந்தச் சமுதாயத்துக்காரர். அவர் கேலி செய்தது எதிர்த்தெருவை அல்ல, சொந்த வீட்டை.

எப்படிக் கேலி செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய காப்பியம்போல நூலைப் படலம் படலமாகப் பிரிக்கிறார். கம்பனில் நகரப் படலம், நாட்டுப் படலம். இவரிடம் மாமி அரசியற் படலம்! அடுக்களையில் மாமியார் நடத்துகிற ராஜ்ஜியத்துக்கு ஒரு படலம். கோர்ட்டுப் படியேறி வக்கீலும் வழக்குமாகச் சொத்து கரைவதற்குக் கோடேறிக் குடிமுடித்த படலம். இந்தத் தலைப்புகளைச் சத்தமாக வாசித்தாலே பழைய தரவாட்டு (கூட்டுக் குடும்ப) வீட்டுத் திண்ணையில் நாலு பேர் நெளிந்திருப்பார்கள். கதையைச் சொல்வது யார்? காரணவருக்கு ஐந்தாம் தாரமாக வாழ்க்கைப்பட்ட பெண். மேலே உட்கார்ந்துகொண்டு கவிஞர் தீர்ப்புச் சொல்லவில்லை. அடி வாங்கினவள் பேசுகிறாள்; நமக்குச் சிரிப்பு வருகிறது; சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டையில் ஏதோ அடைக்கிறது. 1926-இல் நாஞ்சில் வேளாளர் சட்டம் வந்து அந்த முறை மாறியது. கவிதைதான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று மேடையில் அடித்துப் பேசலாம், கைதட்டும் கிடைக்கும். அது மிகை. சீர்திருத்தத்துக்காக உழைத்தவர்கள் வேறு பலர். ஆனால் ஊர் வாயில் அந்தப் பேச்சைப் போட்டது அந்தக் கவிதை.

இன்றைய அங்கதம் யார்மேல் விழுகிறது? காதல் கவிதையை முகநூலில் போட்ட கல்லூரிப் பையன்மேல், எதுகை மோனையோடு வாழ்த்துப்பா எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்மேல், சமையலறையைப் பற்றி எழுதுகிற பெண்ணின்மேல். திருப்பி அடிக்கமாட்டார்கள் என்று தெரிந்த ஆட்கள்மேல். விருதுக் குழுவில் இருப்பவரைப் பற்றி ஒரு மீம்ஸ் பார்த்திருக்கிறீர்களா? பதிப்பாளரைப் பற்றி? அப்படியே யாராவது எழுதினாலும், 'சிலர்', 'ஒரு மூத்த கவிஞர்', 'புரிந்தவர்களுக்குப் புரியும்'. கீழே நாற்பது பேர் வந்து சிரிப்பு பொம்மை போடுவார்கள். ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள்.

மறைத்துச் சொல்வது தப்பென்று நான் சொல்லவில்லை. தொல்காப்பியரே வெளிப்படையாகச் சொல்வதையும் மறைத்துச் சொல்வதையும் அங்கதத்தின் இரண்டு வகையாகத்தான் வைக்கிறார். ஔவை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனபோது, உன் வேலெல்லாம் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். புகழ்வதுபோல இகழ்ச்சி. அதை அவனுடைய ஆயுதங்களைப் பார்த்தபடி அவனிடமே சொன்னாள். மறைத்தது பொருளைத்தான், தன்னை அல்ல.

விமர்சனத்துக்கும் இந்த ஊரில் ஒரு வழி உண்டு. 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது நாவலாசிரியர் அகிலனுக்குக் கிடைத்து ஊரே பாராட்டியபோது, இங்கே நாகர்கோவிலில் இருந்துகொண்டு சுந்தர ராமசாமி அதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதியவர், இதற்கு அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. அவர் தொனியில் எனக்குச் சில இடங்களில் உடன்பாடு இல்லை. அகிலனை வாசித்து வளர்ந்த லட்சம் பேரை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அப்படி மறுத்துப் பேச அவர் எழுதிய ஒரு கட்டுரை என் முன்னால் இருக்கிறது. ராஜமார்த்தாண்டன் நடத்திய 'கொல்லிப்பாவை' போன்ற சிற்றிதழ்களிலும் சண்டை உண்டு, சில சமயம் ரத்தக் களறியே உண்டு. கோபத்தில் எழுதியவை எல்லாம் விமர்சனம் ஆகிவிடாது என்பதற்கும் அந்தக் காலச் சிற்றிதழ்களே சாட்சி. அதையும் மறைக்க வேண்டாம்.

கோவில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். நல்ல பின்பாட்டுக்காரர் ஆமாவோடு நிறுத்தமாட்டார். "அதெப்படி அண்ணாச்சி?" என்று குறுக்கே ஒரு கேள்வி போடுவார், கதை அங்கேதான் சூடு பிடிக்கும். நம் கவிதைக் கூட்டங்களில் இப்போது ஆமா மட்டும்தான் மிச்சம். வில்லும் குடமும் உடுக்கையும் எல்லாமே ஆமா போடுகின்றன.

அதனால் ஒரு யோசனை. தலைவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, மன்னிக்க வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் நம்மில் ஒருவருடைய தொகுப்பையே எடுப்போம். அணிந்துரை எழுதியவர் அன்று பேசக் கூடாது, கீழே உட்கார்ந்து கேட்கலாம். பேசுகிறவர் சரியில்லை என்று சொன்னால் எந்தக் கவிதை, எந்த வரி என்று வாசித்துக் காட்ட வேண்டும். நன்று என்று சொன்னாலும் அதே விதிதான். ஏற்புரை வேண்டாம், அந்த நேரத்தில் கவிஞர் பதில் சொல்லட்டும், அவருக்கும் கோபப்பட உரிமை உண்டு. மாலைக்காக யாரும் தோவாளைப் பூச்சந்தைக்குப் போக வேண்டாம். டீயும் ரசவடையும் எப்போதும்போல உண்டு.

யார் தொகுப்பு முதலில் என்பதை இப்போதே முடிவு செய்துவிடலாம். கை தூக்குங்கள்.