எப்போ நிக்குதுன்னு குறிச்சு வையுங்க

கோவை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

போன்ல இருந்தே ஓட விடற மோட்டார் பெட்டி, ஆள் நடந்தா எரியற லைட், கேட் திறந்தா சத்தம் போடற சென்சார், டேங்க் ரொம்பறதைச் சொல்ற மீட்டர். இதெல்லாம் ஆர்.எஸ்.புரத்து அடுக்குமாடியில மட்டும் இல்லைங்க. காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளை வீடுகள்லயும் இன்னைக்கு இருக்கு. பெங்களூருல வேலை பார்க்கற பையன் நோம்பிக்கு வரும்போது வாங்கிட்டு வந்து மாட்டிக் கொடுத்துட்டுப் போறான். கொஞ்ச நாள் நல்லா ஓடுது. அப்புறம் ஒரு நாள் நின்னு போகுது. மறுநாள் பார்த்தா தானாவே ஓடுது. இந்தத் தொந்தரவைப் பத்தித்தான் பேச வந்திருக்கறேன்.

நான் பாலிடெக்னிக்ல எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுக்கறவ. முழுசா நின்னு போன சாமானைப் பத்தி எனக்குக் கவலையே இல்லைங்க. மேசை மேல வெச்சுப் பிரிச்சா எங்கே போச்சுன்னு தெரிஞ்சுடும். அப்பப்போ நிக்கறது இருக்கு பாருங்க, அதுதான் ஆளை அலைய வைக்கும். மெக்கானிக் வந்து நிக்கற நேரம் நல்லா ஓடும், அவர் வண்டியை எடுத்ததும் நின்னுடும்.

இதுக்கு வருசக்கணக்கா ஒரே விஷயத்தைத்தான் சொல்லிட்டு வர்றேன். இன்னைக்கும் அதையேதான் சொல்லப் போறேன். ரீசெட் பட்டனைத் தொடறதுக்கு முன்னால, செவுத்துல தொங்கற காலண்டரை எடுங்க. எப்போ நின்னுச்சுன்னு எழுதுங்க. தேதி, மணி, அந்த நேரத்துல வீட்டுல வேற என்ன நடந்துட்டு இருந்துச்சு. அவ்வளவு போதும். ரீசெட் பண்ணினா சாமான் பல சமயம் ஓட ஆரம்பிச்சுடும்தான். ஆனா அது ஏன் நின்னுச்சுங்கற தடயம் அதோட போயிடும். அடுத்த வாரம் மறுபடி நிக்கும், நீங்களும் மறுபடி அதே பட்டனை அமுக்குவீங்க.

பல்லடத்துக்குத் தெக்க ஒரு தோட்டம். அந்தப் பெரியவரோட பேத்தி எங்கிட்டப் படிச்ச பொண்ணு. மகள் வயித்துப் பேத்தி, அதனால அவரை அப்புச்சின்னு கூப்பிடும். மோட்டார் ரூம் மேல ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். டேங்க் மூடியில ஒரு சென்சார், அதுல இருந்து ஒயர் இறங்கி ஒரு வைஃபை பெட்டிக்கு வருது. தண்ணி எவ்வளவு இருக்குன்னு அந்தப் பெட்டி சாளைக்குள்ள இருக்கற இன்னொரு பெட்டிக்குச் சொல்லும். ரொம்பினதும் அது மோட்டாரை நிறுத்தும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனா பாதி வரைக்கும் போன்ல அருமையாக் காட்டும், முக்கால் தாண்டினதும் தொடர்பு இல்லைன்னு வந்துடும். மோட்டார் நிக்காது. தண்ணி வழிஞ்சு வாசல் பூராவும் ஓடும். பல்லடம் பக்கம் போர்த்தண்ணி எத்தனை ஆழத்துல இருந்து வருதுன்னு கேக்கறவங்களுக்கே தெரியும். அது வீணா ஓடறதைப் பார்த்துட்டு யாருங்க சும்மா இருப்பாங்க?

மாட்டிக் கொடுத்தவங்க வந்தாங்க, பேட்டரி மாத்தினாங்க. அப்புறம் சென்சாரையே மாத்தினாங்க. வந்த நேரமெல்லாம் நல்லா ஓடியிருக்கு. அவங்க வர்றது மத்தியானம். அதுக்குள்ள மாட்டுக்கு, வீட்டுக்குன்னு எடுத்து டேங்க் பாதிக்கு இறங்கியிருக்கும். பழுது வர்ற நேரத்துல அங்கே அவங்க யாருமே இல்லை.

நான் போனப்போ பெரியவர் ஒரு நோட்டைக் கொண்டு வந்து கொடுத்தார். "அம்மிணி, பால் கணக்கு நோட்டுல ஓரமாக் குறிச்சு வெச்சிருக்கறேன், பாரு"ன்னார். சொசைட்டிக்கு ஊத்தின லிட்டருக்குப் பக்கத்துல, பென்சில்ல, எந்த நாள் எத்தனை மணிக்கு நின்னுச்சு, அப்போ தண்ணி எது வரைக்கும் இருந்துச்சுன்னு எழுதியிருக்கு. தண்ணி மட்டம் அவருக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். ஏணியில ஏறி விரல் முட்டியால டேங்க்கைத் தட்டிக் காட்டினார். தண்ணி இருக்கற இடத்துல ஒரு சத்தம், காலியா இருக்கற இடத்துல ஒரு சத்தம். நோட்டைப் புரட்டினா எல்லா நாளும் ஒரே உயரம், டேங்க்ல மேல இருந்து ரெண்டாவது வளையம். மழை பேஞ்ச அன்னைக்கும் அதுதான், வெயில் அன்னைக்கும் அதுதான். பழைய சென்சார் இருந்தப்போ என்னவோ அதேதான் புதுசு மாட்டின பொறகும்.

பேத்தி கேட்டுச்சு, "ஏனுங்க அப்புச்சி, ரெண்டாவது வளையத்துல அப்படி என்னதான் இருக்குது?"

"என்ன கண்ணு இருக்குது, அங்கதான் அந்தப் பெட்டியைக் கட்டி விட்டிருக்கறாங்க."

அவ்வளவுதாங்க, பழுது பிடிபட்டுப் போச்சு. சாளை டேங்க்குக்குக் கிழக்கால. பெட்டியைக் கட்டினது மேற்கால பக்கம், ஏணி அந்தப் பக்கம் இருந்ததனால. தண்ணி பெட்டிக்குக் கீழ இருக்கற வரைக்கும் அலை காலி டேங்க்கை ஊடுருவிட்டு வந்துடும், பிளாஸ்டிக் அதுக்கு ஒரு தடையே இல்லை. தண்ணி பெட்டியைத் தாண்டி ஏறினதும் நடுவுல ஒரு மீட்டர் கனத்துக்குத் தண்ணிச் செவுரு. வைஃபை அலையைத் தண்ணி உறிஞ்சிடும், அந்தக் கனத்தைத் தாண்டி ஒண்ணும் வராது. ரொம்பிடுச்சுன்னு சொல்ல வேண்டிய நேரம் பார்த்து, அதைச் சொல்ல விடாம அந்தத் தண்ணியே மறிச்சிருக்கு. பெட்டியை அவிழ்த்துக் கிழக்குப் பக்கம் சாளையைப் பார்த்த மாதிரி கட்டினோம். புதுசா எதுவும் வாங்கலை. அதுக்கப்புறம் டேங்க் ரொம்பினா மோட்டார் நிக்குது.

இதுல இன்னொண்ணும் சொல்லியாகணும். தொடர்பு போச்சுன்னா மோட்டார் தானா நிக்கணும். ஓடிட்டே இருக்கற மாதிரி எந்தப் பெட்டியையும் அமைக்கக் கூடாது. வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்க. சென்சார் ஊமையானாலும் தண்ணி வழியாது, மோட்டாரும் கருகாது.

சரி, அலைக்கு வருவோம். எஃப்.எம்-ல இதைக் கேட்டுட்டு இருக்கறவங்களுக்கு வர்ற அலை ஏறக்குறைய 3 மீட்டர் நீளம். வைஃபை, ப்ளூடூத், அப்புறம் சின்ன சென்சார்கள் ஒயர் இல்லாமப் பேசிக்கற ஜிக்பீ, மூணுமே பெரும்பாலும் ஓடறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, அந்த அலை 12 சென்டிமீட்டர்தான், அரைச் சாண். அதனால சென்சாரை அரைச் சாண் தள்ளி வெச்சாக்கூட சிக்னல் மாறும். சும்மா சொல்லலைங்க, வெச்சுப் பாருங்க. செவுத்துலயும் தரையிலயும் பட்டுத் திரும்பற அலைகள் ஒரு இடத்துல ஒட்டுக்காச் சேரும், பக்கத்து இடத்துல ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும்.

இரும்பு இருந்தா இன்னும் மோசம். நம்ம வீடுகள்ல ரூட்டரை எங்கே வைக்கறோம்? பீரோ மேல. இல்லைன்னா டிவிக்குப் பின்னால. பீரோ ஒரு முழு இரும்புத் தட்டி, அதுக்கு அந்தப்பக்கம் இருக்கற ரூமுக்கு அலை சரியாப் போகாது. ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சது என்னைக்குன்னு யாராவது குறிச்சு வெச்சிருக்கறீங்களா? நைலான் வலைன்னா பரவாயில்லை. எவர்சில்வர் வலை அடிச்சா, அந்த ஜன்னல் வழியா வெளியே கேட் சென்சாருக்குப் போயிட்டு இருந்த அலை அன்னையோட குறைஞ்சு போகும். வலை அடிச்ச தேதியும் சென்சார் தகராறு ஆரம்பிச்ச தேதியும் ஒண்ணா இருந்தா, அப்புறம் வேற எதையும் தேட வேண்டியதில்லை. மிக்ஸி மேல பழி போடறவங்க நிறையப் பேரு. பழைய மீடியம் வேவ் ரேடியோவை மிக்ஸி கரகரன்னு ஆக்கும், வாஸ்தவம். வைஃபை ஓடற அலைவரிசை வரைக்கும் அந்தச் சத்தம் அவ்வளவா ஏறாது. மைக்ரோவேவ் அடுப்பு வேற சங்கதி. அது வேலை செய்யறதே 2.45 கிகாஹெர்ட்ஸ்ல, அதனால அது ஓடற நேரம் பக்கத்துல இருக்கற சென்சார் தடுமாறும்.

அடுத்தது ஜிக்பீ. இது பேட்டரியில ஓடற சின்னச் சின்ன சென்சார்கள்ல நிறைய வருது. கிணத்துல இருந்து வாளியைக் கைமாத்தி விடற மாதிரி, ஒரு சாமான் வாங்கி அடுத்ததுகிட்டக் கொடுத்துத்தான் சேதி போய்ச் சேரும். ஆனா வாங்கிக் கொடுக்கற வேலையைக் கரண்ட்ல நேரா ஓடற பல்பும் பிளக்கும்தான் செய்யும், பேட்டரி சாமான் செய்யாது. இப்போ வீட்டுல நடக்கறதைப் பாருங்க. நடு ரூம்ல ஒரு ஜிக்பீ பல்பு. பேரன் போன்ல ஆஃப் பண்ணுவான், பல்பு அணையும், ஆனா உள்ளே உயிரோட இருக்கும், சேதியைக் கைமாத்திட்டு இருக்கும். அம்மாயி வருவாங்க, ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு ஸ்விட்ச் போட்டு வெச்சிருக்கீங்கன்னு செவுத்து ஸ்விட்சை அணைச்சுடுவாங்க. சிக்கனம் தெரிஞ்ச மனுசி, அவங்க செஞ்சதுல தப்பே இல்லை. ஆனா பின்கட்டுக் கதவு சென்சார் அந்த பல்பை நம்பித்தான் இருந்துச்சு. அதுக்கு வழி அடைஞ்சு போச்சு. சில சென்சார் உடனே வேற வழி தேடாது, மணிக்கணக்கா பழைய பல்பையே கூப்பிட்டுட்டு இருக்கும்.

பொழுதோட எட்டு மணிக்கு மேல தினமும் பின்கதவு சென்சார் செத்துப் போகுதுன்னா, எட்டு மணிக்கு யாரு எந்த ஸ்விட்சை அணைக்கறாங்கன்னு பாருங்க. காலண்டர்ல மணியைக் குறிக்கச் சொன்னது இதுக்குத்தான். அம்மாயியை மாத்த வேண்டாம். ஃப்ரிட்ஜ் பிளக் மாதிரி யாருமே கை வைக்காத இடமாப் பார்த்து ஒரு ஜிக்பீ பிளக்கை மாட்டுங்க, போதும்.

பேட்டரிக்கு வர்றேன். காசு மாதிரி வட்டமா இருக்கும் பாருங்க, 2032-ன்னு போட்டிருக்கும். மீட்டர் வெச்சுப் பார்த்தா 3 வோல்ட் காட்டும். நல்ல பேட்டரின்னு திரும்பப் போட்டுடறோம். சும்மா இருக்கும்போது 3 வோல்ட் காட்டற பேட்டரி, சென்சார் சேதி அனுப்பற அந்த ஒரு கணத்துல பாரம் தாங்காம இறங்கிடும். போன்ல காட்டற சதவீதத்தையும் முழுசா நம்பாதீங்க. கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் இருக்கறவங்களுக்குக் குளிர்ல இது இன்னும் மோசம். வெடியால நேரத்துல மட்டும் நிக்குது, வெயில் ஏறினா ஓடுதுன்னு உங்க குறிப்புல இருந்தா, மொதல்ல பேட்டரியை மாத்துங்க. மாத்தின தேதியைச் சின்ன ஸ்டிக்கர்ல எழுதி உள்ளே ஒட்டுங்க. இன்னொரு விஷயம், இதை எவ்வளவு அவசரமா இருந்தாலும் சொல்லாமப் போக மாட்டேன். இந்த வட்டப் பேட்டரியைக் குழந்தை முழுங்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும். கழட்டின பேட்டரியை ஜன்னல் திண்டுல வைக்காதீங்க. முழுங்கிடுச்சுன்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, வெளிய வந்துடும்னு காத்திருக்காதீங்க.

ஆள் நடமாட்டம் பார்க்கற சென்சார் நம்ம உடம்புச் சூட்டைத்தான் பார்க்குது. சுத்தி இருக்கற சூட்டுக்கும் நமக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் அதுக்குத் தெரியும். கரூர் பரமத்திப் பக்கம் சித்திரை, வைகாசியில வெளியே 40 டிகிரி தாண்டும். வீட்டுக்குள்ள 34, 35 ஆனா நம்ம தோல் சூடும் செவுத்துச் சூடும் ஏறக்குறைய ஒண்ணாயிடும். அப்போ மத்தியானம் நீங்க முன்னால நடந்தாலும் லைட் எரியாது, ராத்திரி ஒழுங்கா எரியும். சென்சார் கெட்டுப் போகலைங்க. நடுராத்திரியில யாரும் இல்லாம லைட் எரிஞ்சா பயப்படாம சென்சாரோட கண்ணாடியைத் துடைச்சுட்டுச் சுத்திப் பாருங்க. கண்ணுக்கு அவ்வளவு பக்கத்துல பல்லி ஓடினா அதுக்கு அது பெரிய ஆள் மாதிரிதான் தெரியும். லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். சென்சாரை லைட்டை விட்டுத் தள்ளி மாட்டுங்க.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து நேரமாச்சுன்னு கை காட்டறாங்க. இரும்பு கேட், ரூட்டர், கரண்ட்டுன்னு இன்னும் எழுதி வெச்சிருந்தேன், வேகமாச் சொல்லிடறேன். இரும்பு கேட்டுல கதவு சென்சார் மாட்டினா, காந்தத்துக்கும் கேட்டுக்கும் நடுவுல ஒரு மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ வையுங்க, இரும்பு காந்தத்தோட பலத்தை இழுத்துக்கும். ரூட்டர் மாத்தின அன்னைக்கு எல்லாம் நின்னுச்சுன்னா, 2.4-ம் 5-ம் ஒரே பேர்ல வருதான்னு பாருங்க. பல ஸ்மார்ட் பிளக்குக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ஆகாது, ரெண்டுக்கும் தனிப் பேர் வையுங்க. மாசப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தின மறுநாள் ஒரு சாமான் மட்டும் காணாமப் போனா, ரூட்டர் அதுக்கு வேற முகவரி எண் கொடுத்திருக்கும், ரூட்டர்ல அதுக்குன்னு ஒரே எண்ணை நிரந்தரமா ஒதுக்கலாம். அடுக்குமாடியில சாயங்காலம் மட்டும் தகராறுன்னா பக்கத்து வீட்டு வைஃபைகளோட நெரிசல். வைஃபை சேனல் 1, 6, 11-ல எது காலியோ அதுக்கு மாத்துங்க. ஜிக்பீயை அதோட 25-ம் சேனலுக்குக் கொண்டு போனா அது வைஃபை 11-க்கும் மேல தள்ளி நிக்கும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, மாத்தினதையும் காலண்டர்ல எழுதுங்க.

கடைசியா, அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வர்ற இசட்-வேவ் சாமான், ஜிக்பீ மாதிரியே இன்னொரு வயர்லெஸ் முறை. அங்கே அது 908 மெகாஹெர்ட்ஸ், இங்கே 865. நம்ம ஊர்ல வாங்கின பெட்டியோட அது பேசவே பேசாது. அதுல பழுது எதுவும் இல்லை, அலைவரிசைதான் வேற. அதை வெச்சுட்டு மல்லுக்கட்டாம, அவங்க திரும்பிப் போகும்போது அவங்க துணிப்பெட்டியிலயே போட்டுக் கொடுத்து விட்டுடுங்க. வணக்கமுங்க.